இறக்கையின் மேல் ஒரு விரல்

உலான்பாத்தரில் ஞாயிறு. ஜன்னலெல்லாம் கரிப்புகை.
ஒயரை உருவிவிட்டு
பவர் பட்டனை வெறுமனே ஒருமுறை அழுத்தினேன்,
மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டுமென்று.

கம்பளிச் சட்டையையும் கழற்றியாயிற்று.
இந்த வறண்ட குளிரில்
முத்தத்துக்கே பொறி தெறிக்கும் ஊர் இது.
பெட்டியின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டுத்தான்
உள்ளே கை.

"ஃபேனைச் சுற்றவிடாதே."

தெமூலென் குனிந்து
ஆள்காட்டி விரலை
இறக்கையின் மேல் வைத்தான்.

காற்று டப்பாவைச் சாய்க்காமல்
விட்டுவிட்டு ஊதினேன்.
கரித்தூள், பூனைமயிர்,
யாருடைய பிறந்தநாளிலிருந்தோ
ஒரு ஜிகினாத் துணுக்கு.
இருவருக்கும் தும்மல்.
சிரிக்கவில்லை.

நாலு நாளில்
நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு,
ஃபேனைச் சுற்றவிடாதே என்பது.

ஊதி முடித்து
டப்பாவை மூடியும் வைத்துவிட்டேன்.
அவன் இன்னும் விரலை எடுக்கவில்லை.