ஏழு நாற்பது

தினமும் மாலை ஏழு நாற்பதுக்கு
என் ஜன்னலுக்குக் கீழே
ஒரு பெண்ணை எரிக்கிறார்கள்.

தாலின் நகரத்துப் பழைய சந்து.
கறுப்பு அங்கியும் பேட்டரி லாந்தருமாய் வரும்
வழிகாட்டி கல்மெர்
எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவான் என்று
என் பூனைக்குக்கூடத் தெரியும்.

கோடையில் அவள் மெல்லச் சாவாள்,
மூன்று மொழிகளில்.
மழை நாளில் சீக்கிரம் முடிந்துவிடும்.
எல்லோருக்கும் சூடான ஒயின் அவசரம்.

நேற்று நான்கே பேர்.
மஞ்சள் பூட்ஸ் போட்ட சிறுமி கேட்டாள்:
அவள் பேரென்ன?

கல்மெர் லாந்தரைக் கை மாற்றினான்.
பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.
விறகு வாங்கிய கணக்குதான் இருக்கிறது:
இரண்டு வண்டி. ஈரம்.
அதனால் விலை குறைவு.

யாரும் படமெடுக்கவில்லை.

பதினோரு வருடமாகக் கேட்கிறேன்,
ஈரம் என்று
ஒருநாளும் அவன் சொன்னதில்லை.

அடுப்பைப் பற்றவைக்க மனமில்லாமல்
கறுப்பு ரொட்டியை அப்படியே மென்றேன்,
சூப் சட்டியிலேயே கிடந்தது.

இன்று இருபது பேர்,
ஒரே சிரிப்பு.
‘நன்றாகக் காய்ந்த விறகு’ என்றான் கல்மெர்,
யாரும் கேட்காமலே.