பாதிக்குக் கீழே போகக் கூடாது

மருந்துக்கடை ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
குளிர்பெட்டி, ஒரு நாளுக்கு முப்பத்தெட்டு.
விளக்கு இரண்டுக்கும் சேர்த்து மூன்று, போகட்டும்.
கைப்பேசிகளை வண்டி ஓடும்போதே ஏற்றிக்கொள்ளலாம்.
சபேசனின் மூச்சுக் கருவி
நாலு ஆம்பியர், எட்டு மணி நேரம்.
பெருக்கிவிட்டுக் கோடு இழுத்தேன்.
கோட்டுக்குக் கீழே எண் எழுதவில்லை.

வண்டியில் இருப்பது ஒரே பேட்டரி.
எஞ்சினைத் தட்டி எழுப்புவதற்கென்றே பிறந்தது.
விடியும்வரை அதை உறிஞ்சினால்
விடிந்தபின் எழுப்ப அதற்குத் தெம்பிருக்காது.

"ரெண்டாவது எதுக்கு?" என்கிறார் சபேசன்.
ஆயிரத்து இருநூறு டாலர்.
இருபத்தாறு கிலோ.
அரிசி டப்பாவும் குக்கரும் இருக்கிற
இருக்கைக்கு அடி இடம் முழுக்க.
"வருஷத்துக்கு எத்தனை ராத்திரி வெளியில படுக்கப் போறோம்?
ஒன்பதா, பத்தா?
பத்து ராத்திரி அந்தக் குழாய் இல்லாம தூங்கினா
செத்தா போயிடுவேன்?"

அவருக்குத் தெரியாது.
தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

இருபத்திரண்டு. முப்பத்தொன்று.
ஒருமுறை நாற்பத்துநாலு.
கருவி வருவதற்கு முந்தைய வருடம்
ஒரு மூச்சு நின்று அடுத்தது வரும்வரை
இருட்டில் நான் எண்ணியவை.
விலாவில் இடிக்க
முழங்கை தயாராக இருக்கும்.
எந்த ரசீதிலும் இவற்றை எழுதியதில்லை.

சரி, சோதித்துவிடலாம் என்று
போன சனிக்கிழமை வையல்லாவில்
எங்கள் வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் படுத்தோம்.
இருபதடி தள்ளி எங்கள் கட்டில் சும்மா கிடந்தது.
திரைச்சீலையில் உருக்காலையின் மஞ்சள்.
பத்து மணிக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்.
ஒரு மணிக்குப் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
அதுதான் பாதி.
பாதிக்குக் கீழே போகக் கூடாது என்று
படித்து வைத்திருந்தேன்.
எழுந்து பிடுங்கியிருக்கலாம்.
முகமூடியின் வார் அவர் நெற்றியில் பதிந்திருக்க
மார்பு ஏறியது, இறங்கியது, ஏறியது.
விட்டுவிட்டேன்.

காலையில் சாவியைத் திருப்பினார்.
டிக்.
இன்னொரு டிக்.
பக்கத்து வீட்டு கிளென்
ஜம்பர் வயரோடு செருப்பில்லாமல் வந்தார்.
எவ்வளவு தூரம் போய் நின்றீர்கள் என்று கேட்டார்.
எங்கேயும் போகவில்லை என்றேன்.
மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.
சபேசனும் சிரித்தார்.
நானும், கொஞ்சம் தாமதமாக.

திங்கள்கிழமை போர்ட் அகஸ்டா.
மின்வேலை பார்க்கும் ஷோனா
விற்க வந்தவள் போலவே பேசவில்லை.
கருவியில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிடு,
நாலு ஆம்பியர் ஒன்றரை ஆகிவிடும் என்றாள்.
குளிர்பெட்டிக்குப் பதில் ஐஸ் வாங்கிக்கொள்.
ஒரே பேட்டரி போதும்,
ஒருவேளை.

சபேசன் என்னைப் பார்த்தார்,
வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

மூக்கு வறண்டு ரத்தம் கசியும் ஊர் இது.
ஜூலையில் பேட்டரியும் விறைத்துப்போகும்.
அதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன்.
ஆனால் வந்தது வேறு.
"ஒருவேளையோடு படுத்தது போதும்.
போட்டுடுங்க."

சபேசன் விலையைத் திரும்பக் கேட்கவில்லை.
குனிந்து இருக்கையைத் தூக்கி
குக்கரை வெளியே எடுத்தார்,
அப்புறம் அதன் மூடியை,
அப்புறம் போன பயணத்தில் தொலைந்த என் ஒரு காலுறையை.

திரும்பும் வழியில் அரிசி டப்பா
என் கால்களுக்கு நடுவே.
இடப்பக்கம் உப்புப் புதர்கள், வலப்பக்கம் உப்புப் புதர்கள்,
நெடுஞ்சாலையில் எங்களை முந்திப்போகும்
மூன்று பெட்டி லாரிகள்.
பின்னால் எங்கோ, பார்க்க முடியாத இடத்தில்
புதியது நிறைந்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரப் பாதைதான்.
நான் தூங்கிவிட்டேனாம்.
குறட்டை வேறு விட்டேனாம்.
சபேசன் சொல்கிறார்.
நம்ப வேண்டியதில்லை.