கடாய்க்கு மாற்று

முசாஃபாவில் ஒரு டைப்பிங் சென்டர்.
ஏசி சொட்டுகிற இடத்தில் பெயின்ட் டப்பா.
டோக்கன் நாற்பத்தொன்று, கியால் மத்,
டிரெய்லர் ஓட்டுகிறவர்,
புருவத்தில் சிமென்ட் தூள்,
பாலித்தீன் உறையில் மூன்று பாஸ்போர்ட்.

ஒரே வயிற்றில் பிறந்த மூவர்.
மூத்தவரின் குடும்பப் பெயர் ஓ-வில் தொடங்குகிறது,
இளையவனுக்கு ஏ-யில்.
இவருக்கு அந்தக் கட்டத்தில் எதுவுமே இல்லை.
சகோதரர்கள் என்று கணினி ஒப்பவில்லை.
சிவப்பு நட்சத்திரம் போட்டு மறிக்கிறது.

"ஓரக்சாய். எழுது."
"எந்த எழுத்தில்?"
இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்
பேசிக்கொள்கிறோம்.

வ்ரக் என்றால் தொலைந்தது.
சாய் என்றால் மகன்.
தகப்பன் துரத்திவிட்ட பாரசீக இளவரசன் ஒருவன்
மலையேறி வந்தானாம்: அது அண்ணன் கட்சி.
தம்பி போனில் வீடியோ வைத்திருக்கிறான்,
காணாமல்போன யூதக் கோத்திரமே நாங்கள்தான் என்று.
எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால்
தெரிந்துவிடுமாம், நூறு டாலர்.

"நீங்கள்?"
டோக்கன் நாற்பத்திரண்டு இருமுகிறது.

படை கலைந்துபோன மைதானம்.
அண்ணன் தம்பி இரண்டு பேர் பொறுக்க வந்தார்கள்.
அணைந்த அடுப்பருகே ஒருவனுக்கு
இரும்புக் கடாய் கிடைத்தது.
மற்றவனுக்கு ஒரு குழந்தை.
கடாய்க்காரனுக்குப் பிள்ளையில்லை.
குழந்தைக்காரன் வீட்டில் ஏற்கெனவே கூட்டம்.
மாற்றிக்கொண்டார்கள்.
அந்தப் பிள்ளை கர்லான். அவன் வழி நாங்கள்.

"கடாய் தெரியுமா?" காற்றில் வட்டம் போட்டார்.
தெரியாமலா.
பதினோரு பேர் ரூமில் நெத்திலி வறுப்பது அதில்தான்,
பிடி உடைந்து, கட்டிங் பிளேயரால் தூக்கி.

"கடாய் எங்கே போயிற்று, யார் அதில் சமைத்தார்கள்,
அவர்கள் வம்சம் எது,
அதை மட்டும் ஒருவனும் சொல்லமாட்டான்" என்றார்.

எனக்கும் அதே கட்டத்தில்தான் சிக்கல்.
அப்பா பெயரை அங்கே தள்ளிவிட்டார்கள்.
பதினாலு வருஷமாக நான் மிஸ்டர் சடையாண்டி.
மணப்பாறைச் சந்தையைத் தாண்டாத மனுஷன்
இங்கே சம்பளம் வாங்குகிறார்,
சிக்னல் தாண்டியதற்கு
இரண்டு தரம் அபராதமும் கட்டியிருக்கிறார்.

அண்ணனுக்குத்தான் விசா இன்னும் இரண்டு வருஷம்.
அதனால் ஓ.
நட்சத்திரம் போய்விட்டது.
நாற்பது திர்ஹம்.

கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"உன் கபீலா என்ன?"

எங்கள் பக்கம் இதைக் கேட்டுவிட்டுத்தான்
எந்த டம்ளர் என்று எடுப்பார்கள்.
வேண்டுமென்றே காலியாக விட்ட கட்டம் அது,
அப்பாவுக்கு அப்பா காலத்தில்.
அதை இந்தியில் எப்படிச் சொல்ல?
இவர் கேட்டது வேறு.
ஊர் கேட்பதுபோல், மழை உண்டா என்பதுபோல்.

வ்ரக், என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன்.
உச்சரிப்பைத் திருத்தினார்,
இரண்டு முறை,
நாக்கு எங்கே தொட வேண்டும் என்று காட்டி.