கேட்பு மட்டும்

தூசிஸ் பணிமனையில் மூன்றாம் குழிக்குள் இறங்கி
பேருந்தின் வயிற்றை அண்ணாந்து பார்க்கிறேன்.
மஞ்சள் கம்பியும் பச்சைக் கம்பியும்
ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு
இயந்திரத்திலிருந்து பின்கதவு வரை போகின்றன.
மீட்டரை வைத்தேன். நூற்றிருபது ஓம்.
அறுபது வரவேண்டும்.
ஏதோ ஒரு முனையில் தடை இல்லை,
சொன்ன சொல் சுவரில் மோதித் திரும்பி வந்து
அடுத்த சொல்லின் காலை வாரிவிடும்.
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
பெயர்ந்து தொங்கிய செருகியைக் கண்டுபிடிக்கும்போது
காப்பி ஆறிப்போயிருந்தது.

கேட்வே ஒரு சோப்புப் பெட்டி அளவுதான்.
வேகம் ஐந்நூறு கிலோபிட் என்று எழுதினேன்.
நிலை: கேட்பு மட்டும்.
அதாவது, ஒரு ‘ம்’கூடக் கொட்டக்கூடாது.
பேசுகிறவர்கள் பேசட்டும்,
யார் முந்துவது என்பது அவர்கள் பாடு.
இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயெடுத்தால்
சின்ன எண்ணுக்கு முதல் பந்தி;
பெரிய எண் கோபித்துக்கொள்ளாமல் பின்வாங்கி
இலை போடும்வரை காத்திருக்கும்.
பிரேக்குக்கு எப்போதும் முதல் பந்தி.
இருக்கையைச் சூடாக்கும் பெட்டிக்குக் கடைசி.

பெர்னிலிருந்து வந்த தாள் கேட்டது
நான்கு சக்கரங்களின் பிரேக் வெப்பம்,
கணவாய் இறங்கும்போது, ஒரு மாதம்.
வடிகட்டி எழுதச் சோம்பல்.
‘எல்லாம்’ என்று போட்டுவிட்டேன்.

முதல் நாள் பதிவில் பின் இடது பிரேக்
பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு பாகை.
சூரியன் தோற்றது.
இரண்டு பைட்டும் தலைமாடு கால்மாடாய்ப் படுத்திருந்தன.
புரட்டிப் போட்டேன்.
அறுபத்து நான்கு.

பிறகுதான் அது கண்ணில் பட்டது.
இரவு 22:41, க்ராப்தேசா நிறுத்தம்.
முன்கதவு திறக்கிறது.
வலப்பக்கக் காற்றுப்பையில் அழுத்தம் இறங்க
வண்டி மண்டியிடுகிறது.
நாற்பது நொடி.
அச்சின் மேல் எடை மாறவில்லை.
ஏறியவர் இல்லை, இறங்கியவர் இல்லை,
சீட்டு இயந்திரம் வாய் திறக்கவில்லை.
மறுநாளும் 22:41. அதற்கு மறுநாள் 22:43, பனி.
உணரி பழுது என்றுதான் நினைத்தேன்.
செருகியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.
ஆறாம் இரவும் மண்டியிட்டது.

ஏழாம் இரவு நானே ஏறி உட்கார்ந்தேன்.
ஓட்டுநர் ஃப்ளுரின் கதுஃப்
கண்ணாடியில் என்னையும் மடிக்கணினியையும் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
அந்தேரில் கடைசிப் பயணி இறங்கிப் போனாள்.
க்ராப்தேசாவில் ஒரு கம்பம், ஒரு பலகை, அவ்வளவே.
கதவைத் திறந்தார். பொத்தானை அழுத்தினார்.
உஸ்ஸ்ஸ் என்று மூச்சை விட்டது வண்டி.

மேலே, இருட்டில், மாட்டுக்கொட்டகைப் பக்கம்
ஒரு நாய் குரைத்தது. இரண்டு தடவை.
ஃப்ளுரின் வண்டியை உயர்த்தி மறுபடி தாழ்த்தினார்.
உஸ்ஸ்ஸ்.
நாய் மூன்று தடவை.
“பாம்புன்னு நினைக்குது போல” என்றார்.
“நவம்பர்லேர்ந்து சண்டை. யாரும் விட்டுக்கொடுக்கல.”
பார்த்திருக்கிறீர்களா என்றேன்.
“இல்ல. கறுப்பா வெள்ளையான்னுகூடத் தெரியாது.”
கதவு மூடியது.
வளைவு தாண்டியபின் கேட்டார்:
“இது பெர்னுக்குப் போகுமா?”

திரையில் கதவுக்கு ஓர் எண் ஓடியது,
காற்றுப்பைக்கு ஓர் எண் ஓடியது.
நாய்க்கு எண் கிடையாது.

அன்றிரவே வடிகட்டியைத் திறந்து
தாள் கேட்ட நான்கு எண்களை மட்டும் எழுதினேன்.
போன ஆறு நாளையும் அதே சல்லடையில் சலித்தேன்.
ஒன்பது ஜிகாபைட் முப்பது மெகாபைட் ஆனது.
சிக்கனம் என்று பெர்னில் மெச்சினார்கள்.

மாதக் கடைசியில் பெட்டியைக் கழற்றப் போனபோது
வலப்பக்கக் காற்றுப்பையின் வால்வு தேய்ந்திருந்தது,
இடப்பக்கத்தது புத்தம் புதிதாய் இருந்தது.
மாற்றச் சொல்லி விண்ணப்பம் நிரப்பினேன்.
‘காரணம்’ என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து
சாலை உப்பு என்று எழுதினேன்.