லோவில் போடு

டூசானில் ஜூன் மாதம்.
காலை ஆறரைக்கே கூரையின் தார்த்தாள்
முழங்காலைச் சுடுகிறது.
துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து
கூலரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

பெயர்த்தகட்டில் பாதியைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது.
மிச்சம்:
அரைக் குதிரைத்திறன், நூற்றுப் பதினைந்து வோல்ட்,
ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்து,
ஒரு சாய்கோடு,
ஆயிரத்து நூற்று நாற்பது.
இரண்டு வேகம், ஒரே அச்சு.

வெள்ளை பொது. கறுப்பு ஹை. சிவப்பு லோ.
பச்சை மண்ணுக்கு.
எத்தனை கோடை பார்த்த வயர்களோ,
கறுப்பும் சிவப்பும் ஒரே பழுப்பாகிவிட்டன.
எது எதுவென்று மீட்டரைத்தான் கேட்க வேண்டும்.

கீழே சுவிட்சருகே சேந்தன்.
பேசி நாலு நாளாகிறது.
எண்ணூறு டாலர், அவன் நண்பனுக்கு, என்னைக் கேட்காமல்.
அவனுக்கு ஏணி ஆகாது,
மூன்றாம் படியில் கண்ணை மூடிக்கொள்வான்.
அதனால் நான் மேலே.
காற்றுக் குழாய் வழியாகக் குரல் நன்றாகப் போகிறது.
முகம் போவதில்லை.

"ஹையில் போடு."
நாலு நாளில் அவனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை.
மோட்டார் தோளை ஒருமுறை குலுக்கிவிட்டு ஓடியது.
"நிறுத்து. லோவில் போடு."
"போட்டேன்."
ஒன்றுமில்லை. உறுமல்கூட இல்லை.
உறுமினாலாவது பேரிங், பெல்ட் என்று
சந்தேகப்பட ஆள் கிடைக்கும்.

"பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிட்டியா?"
"கையிலதான் இருக்கு."
நம்பித்தான் விரலை உள்ளே விட்டேன்.
வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒன்றரை ஓம்.
வெள்ளைக்கும் சிவப்புக்கும் பாதையே இல்லை.
சரி, லோ சுருள் எரிந்துவிட்டது.
புது மோட்டார் இருநூற்றுப் பத்து.
அதையும் அந்த எண்ணூறோடு கூட்டினேன்.
மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

இன்றைக்கு ஹையிலேயே ஓடட்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்கப் போனான்.
பழைய குமிழ், பாதியில் லோவில் சிக்கிக்கொண்டது.
மோட்டார் நிற்கவில்லை.
சுருதி இறங்கியது. இறங்கின இடத்திலேயே
நின்று ஓடியது,
எரிந்துபோன சுருளில்.

"கை வைக்காதே!"
"வைக்கல," என்றான், திருடனைப் போல.

நிறுத்தி, லோ: மௌனம்.
ஹையில் கிளப்பி, லோ: ஓடுகிறது.
"என்னதான் வேணுமாம் அதுக்கு?"
அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

என்ன வேண்டுமென்றால்,
லோவில் ஓட வேண்டியதும் ஹையில்தான் கண்விழிக்கும்.
நின்ற அச்சை அசைக்க மெதுச் சுருளுக்குத் தெம்பு போதாது.
அச்சின் வாலில் ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைகள்.
நிற்கும்போது ஒடுங்கியிருந்து
சிவப்பில் வருவதை வேகச் சுருளுக்குத் திருப்பிவிடும்.
வேகம் பிடித்ததும் விரியும்,
டிக்,
பாதை மாறும்.
அந்த முதல் முழம்தான் எங்கோ அறுந்திருக்கிறது.
மீட்டர் பொய் சொல்லவில்லை.
நின்ற மோட்டாரைப் பற்றி மட்டும் சொன்னது.

மறுபடி பிளக். மறுபடி "கையிலதான்."
பின் மூடிக்கு நாலு திருகாணி.
ஒன்று துருவேறி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.
உள்ளே இரண்டு செம்பு உதடுகளுக்கு நடுவே
ஓர் எறும்பு.
கருகி, தட்டையாகி,
நூற்றுப் பதினைந்து வோல்ட்டை மறித்துக்கொண்டு.

வீட்டுக்காரர் ரமீரோவின் விசிட்டிங் கார்டை
நடுவே கொடுத்து நாலு இழுப்பு இழுத்தேன்.
அவர் தொலைபேசி எண் கறுத்துப்போனது.
வெள்ளை, சிவப்பு: ஒன்றரை ஓம்.

"லோவில் போடு."
சிலிர்த்து எழுந்தது. டிக்.
தணிந்தது.

"காத்து வருது," என்றான் கீழிருந்து.
பிறகு, நான் எதுவும் கேட்காமலே,
"அந்த எண்ணூறு..." என்று ஆரம்பித்தான்,
எடுத்த எடுப்பிலேயே உரக்க.
பக்கத்து வீட்டு டெல்ஃபினாவின் நாய் நிமிர்ந்து பார்த்தது.

மூடியில் மூன்று திருகாணிதான் ஏறியிருக்கிறது.
நாலாவது கூரைச் சரிவில் எங்கோ வெந்துகொண்டிருக்கிறது.
தேடிக்கொண்டே கேட்டேன்.
கத்தட்டும்.