சாம்பல் நீர்

மாதாவின் மேலாடைக்கு உயர்ந்த நீலம்,
அவுன்ஸ் நான்கு பொன் பெறுவது
என்று ஒப்பந்தத்தில் இருந்தது.
எனக்கு எழுத்து தெரியாது.
மாயெஸ்த்ரோ லாப்போ குடித்துவிட்டு
அதை உரக்கப் படித்துச் சிரித்ததால் தெரியும்.

பிராத்தோ நகரம். கம்பளி அலசும் ஆற்றங்கரை.
பதின்மூன்று வயது எனக்கு, பெயர் நோஃப்ரி.
அடுப்பு என் வேலை, மூத்திரச் சட்டி என் வேலை,
முட்டை உடைப்பதும் கல்லில் நிறம் அரைப்பதும்.
மஞ்சள் கரு படத்துக்கு.
வெள்ளைக் கரு எனக்கு.
சம்பளம் வருடம் ஆறு பொன்.
இரண்டு வருடமாக அது
தாயக்கட்டையோடு உருண்டுகொண்டிருந்தது.

கடல் தாண்டி வரும் கல் ஒன்று உண்டு.
பொடித்து, பிசினும் மெழுகும் சேர்த்து
மாவாகப் பிசைந்து ஊறவைத்து
சாம்பல் நீருக்குள் கசக்கக் கசக்க
நீலம் இறங்கி வருமாம்,
விரல் தோலையும் கூட்டிக்கொண்டு.
அந்தக் கல் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.
வந்தது வடக்கு மலைகளின் மலிவுக் கல்.
"ரொம்ப அரைக்காதே, வெளுத்துவிடும்" என்றார்.
அவ்வளவுதான் பேச்சு.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம்
வணிகரின் கணக்கர் ஸெர் பால்தோ வந்தார்.
நீலத்துக்கு மணம் உண்டு என்பதுபோல்
பலகையில் மூக்கை வைத்து இழுத்தார்.
"இதை அரைத்தது யார்?"

லாப்போவின் தூரிகை துள்ளியது.
தேவதூதனின் காதில்
ஒரு சிவப்புப் பொட்டு.

"கையை நீட்டு, பையா."

நீட்டினேன்.
வெடித்த தோல். நகக்கண்ணில் சீழ்.
உப்புப் பூத்த சுவர்போல் உள்ளங்கை.
கணக்கர் என் விரல்களை
ரசீதைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பார்த்தார்.
"சாம்பல் நீர் பொய் சொல்லாது" என்றார்.
மேசைமேல் மீதிப் பொன்னை எண்ணி வைத்தார்.

சாம்பல் நீர் பொய் சொல்லவில்லைதான்.
குளிர்காலம் முழுக்க அதில் நான் துவைத்தது
லாப்போவின் படுக்கை விரிப்புகளை.
அவர் என்னைக் கேட்கவில்லை,
நான் சொல்லவில்லை.

கதவு சாத்தியதும் அவர் சிரித்தார்,
என் தலையைக் கலைத்தார்,
கோழி வாங்கி வரச் சொன்னார்.
நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"பன்னிரண்டு" என்றேன்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக
அவர் என் கையைப் பார்த்தார்,
வரையப்போகிறவர் பார்க்கிற மாதிரி.
பிறகு எண்ணினார். பதினொன்று.
"பன்னிரண்டாவது,
தேவதூதன் காதைச் சரிசெய்கிற கூலி.
நீ வந்து நின்றதால்தானே கெட்டது."

விடியுமுன் லூக்கா போகும் கோவேறு கழுதைகளோடு
நடந்துவிட்டேன்.
பொன் பதினொன்றும் காலுறைக்குள் உறுத்தியது.
சுகமான உறுத்தல்.

முப்பது வருடம் கழித்து
பொத்தான் விற்க அந்த ஊருக்குப் போனேன்.
மழைக்குத்தான் கோயிலில் ஒதுங்கினேன்,
பிரார்த்திக்க அல்ல.
மாதாவின் மேலாடை
குளத்துப் பாசிபோல் பச்சை பிடித்திருந்தது.
பக்கத்தில் ஒரு சிறுமி தன் அம்மாவிடம்,
"அவங்க ஏன் புல்லைப் போர்த்தியிருக்காங்க?"
அம்மா அவளைக் கிள்ளினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு
தேவதூதன் பக்கமாகக் குனிந்தேன்.

காதில் அந்தச் சிவப்புப் பொட்டு
அப்படியே இருந்தது.

திருட்டுப் பயல்.
என் பன்னிரண்டாவது பொன்.