மூவாயிரத்து முந்நூறு

ஐந்தாம் தேதி.
கைப்பேசியில் இருபத்திரண்டாயிரம் என்று அடித்துவிட்டுப்
பெருவிரலை அந்தரத்தில் நிறுத்தியிருந்தேன்.

கக்கதாசபுரா, மூன்றாம் மாடி.
ஏரியைப் பார்த்த அறை என்றார் ருத்ரேஷ்,
வீடு காட்டிய அன்று.
ஏரி உள்ளே வரும் என்று சொல்லவில்லை.

ஜூனில் ஒரு சொட்டு.
"நோடோணா" என்றார்.
ஆகஸ்டில் மின்விசிறியின் தண்டு வழியாக இறங்கி
கட்டிலில் வந்து உட்கார்ந்தது தண்ணீர்.
"நாளே" என்றார்.
கன்னடத்தில் எனக்கு முதலில் மனப்பாடமானவை
இந்த இரண்டு சொற்கள்தான்.
செப்டம்பரில் கதவு உப்பி, மூடவில்லை.
அக்டோபரில் மூடியது, திறக்கவில்லை.
கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துவந்தோம்.
இரவு ஷிப்ட் முடித்து வரும் ஷைனி
சமையல் மேடையோரம் தலைவைத்துத் தூங்குகிறாள்,
குக்கரின் மூன்றாம் விசிலுக்குப் புரண்டு படுக்கிறாள்.

முந்தின நாள் தையல் டேப்பை எடுத்து
அந்த அறையை அளந்திருந்தேன்.
எட்டடிக்குப் பன்னிரண்டடி. தொண்ணூற்றாறு சதுர அடி.
மொத்த வீடு அறுநூற்று நாற்பது.
சதுர அடிக்கு முப்பத்துநாலு ரூபாய் முப்பத்தேழரைக் காசு.
பெருக்கினால் மூவாயிரத்து முந்நூறு,
ஒரு பைசா மீதமில்லாமல்.
இவ்வளவு சுத்தமாக இந்த வீட்டில் எதுவும் வந்ததில்லை,
குடிதண்ணீர் உட்பட.

ஓடாத லிஃப்ட்டுக்கு என்ன கழிப்பது?
சிலிண்டரைத் தோளில் சுமந்த பையன்
இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து
மூச்சு வாங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?
பூஞ்சணம் பிடித்த என் பட்டச் சான்றிதழில்
'செந்' கரைந்துபோய்
வெறும் தாமரையாக நிற்கிறேன், தண்ணீரில்.

நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் ஒரு வரவு உண்டு.
டேங்கர் வராத இரண்டு நாளும்
ஒழுகி நிறைந்த வாளிகளை ஊற்றித்தான் கழிவறை ஓடியது.
நாலு வாளி.
அதைக் கூட்டிக்கொடுப்பதா என்று
நிஜமாகவே ஒரு நிமிடம் யோசித்தேன்.

வாடகையைக் குறைக்கச் சொல்ல
கைமாற்று கேட்பதுபோல் எனக்கு நாக்குக் கூசுகிறது.
அவருக்குக் கூசவில்லை.
ஒப்பந்தத்தில் ஒன்பதாம் ஷரத்து:
காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க
அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்.
எந்தச் சுவருக்கு என்று கேட்கத் தோன்றாமல்
எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அழித்தேன்.
பதினெட்டாயிரத்து எழுநூறு.
குறிப்பு எழுதும் சின்னக் கட்டத்தில்
'ஒரு ரூம் நீங்கலாக' என்று
ஷைனி கன்னடத்தில் சொல்லச் சொல்ல அடித்தேன்.

போய்விட்டது.
இரண்டு நீல டிக். பதிலில்லை.
சோறு இறங்கவில்லை.
அட்டைப்பெட்டிகள் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூடப்
பேசிவைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும்.
தலைக்கு மேலே, மொட்டைமாடியில்,
பதினோரு மாதத்தில் முதல் தடவையாக
யாரோ நடக்கிற சத்தம்.
நின்றது.
சுத்தியலால் இரண்டு தட்டு.
ஷைனி எழுந்து உட்கார்ந்தாள்.
உள்ளறையில்
காரை பெயர்ந்து வாளியில் விழுந்தது.